பறிபோன லைசென்ஸ் திரும்பி வந்த வரலாறு



உங்கள் பர்ஸில் இருக்கும் லைசென்ஸை ஒரு நிமிடம் வெளியே எடுத்துப் பாருங்கள். அதை வாங்க எத்தனை பாடு! அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்திருப்பார். அம்மா பின்சீட்டில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் "முருகா" என்றிருப்பார். பிறகு தேர்வு, போட்டோ, தபாலில் வந்த அட்டை.

லைசென்ஸ் எடுப்பதைப் பற்றி நம் வீடுகளில் நிறையப் பேசுகிறோம். அது கையைவிட்டுப் போனால் எப்படித் திரும்ப வாங்குவது என்று யாரும் பேசுவதில்லை. பேசினாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இந்தப் பதிவில் நான் அதைச் சத்தமாகவே பேசப்போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில் என்பதால் இந்த நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். கனடாவிலோ இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. ஆனால் அடியில் இருக்கும் கேள்விகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. லைசென்ஸை எடுப்பதற்கு முன்னால் அரசு நம்மிடம் என்ன கேட்க வேண்டும்? திருப்பிக் கொடுப்பதற்கு நம்மிடம் என்ன கேட்கலாம்?

இந்த இரண்டு கேள்விகளோடு அமெரிக்கா நூறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள்

சஸ்பெண்ட், ரத்து. இரண்டையும் நாம் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சஸ்பெண்ட் என்றால் தற்காலிக நிறுத்தம். லைசென்ஸ் உங்களுடையதுதான், ஆனால் கொஞ்ச காலம் அது செல்லாது. காலம் முடிந்து, கேட்டதையெல்லாம் செய்துவிட்டால் திரும்பக் கிடைக்கும். ரத்து என்றால் அந்த லைசென்ஸின் கதை முடிந்தது. குறிப்பிட்ட காலம் காத்திருந்து, மீண்டும் விண்ணப்பித்து, பல மாநிலங்களில் மறுபடியும் தேர்வு எழுதி, சில நேரம் ஓர் அதிகாரி முன்னால் விசாரணைக்கும் உட்கார்ந்து புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இரண்டிலும் ஒரு பொது விஷயம் உண்டு. காலம் முடிந்த அன்று காலையில் லைசென்ஸ் தானாக உயிர்பெற்று எழுந்துவிடாது. பெரும்பாலான மாநிலங்களில் நீங்கள் போய்க் கேட்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். "ஆறு மாசம் முடிஞ்சுடுச்சே" என்று வண்டியை எடுத்தவர்கள் பலர் அங்கேதான் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள்.

சலுகையா, உரிமையா?

அமெரிக்காவில் ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மாநில அளவில் முதலில் சொன்னவை மாசச்சூசெட்ஸும் மிசூரியும். ஆண்டு 1903. அப்போது பல இடங்களில் தேர்வுகூடக் கிடையாது. விண்ணப்பித்தால் தாள் கிடைக்கும். 1908-ல்தான் ரோட் ஐலண்ட் தேர்வு வைத்தது. சவுத் டகோட்டா லைசென்ஸ் சட்டத்துக்கு வந்து சேர்ந்தது 1954-ல். அங்கே தேர்வு வந்தது 1959-ல்!

அந்தக் காலத்து நீதிமன்றங்களின் பொதுவான பார்வை எளிமையானது. கார் ஓட்டுவது அரசு தரும் ஒரு சலுகை. கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். சலுகையை எடுத்ததற்கு நீங்கள் கணக்குக் கேட்க முடியாது.

கார் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்தவரை இந்தப் பார்வை பெரிதாக யாரையும் உறுத்தவில்லை. பிறகு நாடே காரைச் சுற்றிக் கட்டப்பட்டது. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், நடுவில் பஸ் கிடையாது. சலுகை என்று பெயர் வைத்த ஒன்று அன்றாடச் சோறாக மாறிவிட்டது. சட்டம் மட்டும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

1925: பணம் உள்ளே நுழைகிறது

விபத்து நடக்கிறது. மோதியவரிடம் காப்பீடு இல்லை, காசும் இல்லை. அடிபட்டவர் கோர்ட்டில் ஜெயித்தாலும் கையில் ஒன்றும் கிடைக்காது. 1920-களில் இது பெரிய தலைவலி. இதற்கு கனெக்டிகட் மாநிலம் 1925-ல் ஒரு வழி கண்டது. விபத்தில் சிக்கியவர், இனி ஒரு விபத்து நடந்தால் நஷ்டஈடு கொடுக்கத் தன்னிடம் வசதி உண்டு என்று நிரூபிக்க வேண்டும். இப்படிப்பட்ட சட்டங்களுக்கு 'நிதிப் பொறுப்புச் சட்டம்' என்று பெயர். மாநிலம் மாநிலமாக இது பரவியது. பல மாநிலங்களில் அதன் பல் லைசென்ஸ்தான்: பணத்தைக் காட்டு, அல்லது லைசென்ஸைக் கொடு.

நோக்கம் நல்லதுதான். அடிபட்டவருக்கு நியாயம் வேண்டாமா? ஆனால் லைசென்ஸ் என்பது "இவருக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியுமா" என்ற கேள்வியிலிருந்து விலகி, "இவரிடம் காசு இருக்கிறதா" என்ற கேள்விக்குப் போன இடம் இதுதான். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். நாம் திரும்பத் திரும்ப இங்கேயே வந்து நிற்போம்.

நியூயார்க்கிலும் இப்படி ஒரு சட்டம் இருந்தது. விபத்து வழக்கில் தோற்று, பணத்தைக் கட்டாதவரின் லைசென்ஸ் மூன்று வருடம் வரை போய்விடும். திவால் ஆனவருக்கும் அதே கதிதான். இது சரியா என்ற கேள்வி 1941-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சரிதான் என்று தீர்ப்பு வந்தது.

ஜார்ஜியாவின் போதகர்

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்த வழக்குக்கு வருகிறேன். கல்லூரியில் ஒரு வகுப்புக்காகப் படித்தேன். தீர்ப்பு சில பக்கங்கள்தான். சட்டம் படிக்காதவர்களும் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

1968 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜார்ஜியா மாநிலத்தில் பெல் என்ற கிறிஸ்தவப் போதகர் காரில் போய்க்கொண்டிருந்தார். மூன்று கிராமப்புற ஊர்களுக்கு அவர்தான் போதகர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அவருக்குக் கார் வேண்டும். அன்று ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவர் காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். குழந்தைக்குக் காயம். பெற்றோர் அரசுத் துறைக்கு அறிக்கை கொடுத்து, 5,000 டாலர் நஷ்டஈடு கேட்டார்கள்.

பெல்லிடம் காப்பீடு இல்லை. அன்றைய ஜார்ஜியாவில் எல்லோருக்கும் காப்பீடு கட்டாயமும் இல்லை. பொதுப் பாதுகாப்புத் துறையிடமிருந்து அவருக்கு அறிவிப்பு வந்தது. 5,000 டாலருக்கு ரொக்கமோ ஜாமீன் பத்திரமோ கட்டுங்கள், அல்லது பெற்றோரிடமிருந்து "இவர்மீது எங்களுக்குக் கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்கி வாருங்கள். எதிர்காலத்துக்கும் நிதிப் பொறுப்பைக் காட்டுங்கள். இல்லையென்றால் லைசென்ஸும் வண்டிப் பதிவும் சஸ்பெண்ட்.

பெல் விசாரணை கேட்டார். கிடைத்தது. "தவறு என்மேல் இல்லை, குழந்தைதான் வந்து மோதியது" என்று சொல்லப் போனார். அது இங்கே சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் விபத்து நடந்ததா, காப்பீடு இருந்ததா, பணம் கட்டினாரா என்பவைதான். யார்மேல் தவறு என்ற ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை. பணம் கட்ட அவருக்கு 30 நாள் கொடுத்தார்கள்.

அவர் மேல்முறையீடு செய்தார். கீழ் நீதிமன்றம் அவர்மேல் தவறு இல்லை என்றது. அதற்கு மேலுள்ள ஜார்ஜியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கடைசியில் வழக்கு வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

மாநிலத்தின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். "காப்பீடு இல்லாத யாருமே ஓட்டக் கூடாது என்று சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு. அவ்வளவு பெரிய தடையே போடலாம் என்றால், விபத்தில் சிக்கியவர்களுக்கு மட்டும் தடை போடுவது சின்ன விஷயம்தானே?" கேட்டால் சரிதான் போலிருக்கும்.

1971 மே 24 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். முந்தைய வருடம்தான் அரசு உதவித்தொகையை நிறுத்துவதற்கு முன்னால் விசாரணை வேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்ப்பையும் அவர் எழுதியிருந்தார். அதே சிந்தனை இங்கேயும் வந்தது. லைசென்ஸைக் கொடுத்த பிறகு அது ஒருவரின் பிழைப்புக்கே ஆதாரமாகிவிடலாம். அதை நீங்கள் சலுகை என்று சொன்னாலும் உரிமை என்று சொன்னாலும், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எடுக்க முடியாது. ஜார்ஜியாவின் சட்டத்திலேயே தவறு யார்மேல் என்பது முக்கியமான விஷயம். ஏனென்றால், பிற்பாடு கோர்ட் "இவர் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டால் அந்தச் சட்டமே அவரை விட்டுவிடுகிறது. அப்படியிருக்க, விசாரணையில் அதைக் கேட்கவே மாட்டேன் என்பது விசாரணையே ஆகாது. குறைந்தபட்சம், இவர்மீது தீர்ப்பு வர நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

ஒன்பது நீதிபதிகளில் ஒருவர்கூட மறுக்கவில்லை. மூன்று பேர் முடிவோடு மட்டும் ஒத்துப்போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். பெல் பெரிய போராட்டக்காரர் இல்லை. தன் ஊர்களுக்குப் போய்வர வேண்டிய ஒரு மனிதர். அவர் அரசிடம் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை: நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு வாரம் கழித்து அரிசோனா

பெல் தீர்ப்பு வந்து சரியாக எட்டு நாள். 1971 ஜூன் 1. டூசான் நகரத்தைச் சேர்ந்த பெரஸ் என்பவரின் வழக்கில் தீர்ப்பு. 1965-ல் ஒரு விபத்து, பிறகு பெரஸ் குடும்பத்தின்மேல் நஷ்டஈட்டுத் தீர்ப்பு, கட்ட முடியவில்லை. திவால் மனு போட்டார்கள். திவால் சட்டத்தின் பொருளே பழைய கடனைக் கழுவி ஒருவருக்குப் புது வாழ்க்கை கொடுப்பதுதான். ஆனால் அரிசோனா சட்டம், திவால் ஆனாலும் இந்தக் கடன் தீரும்வரை லைசென்ஸ் கிடையாது என்றது.

உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் பெரஸ் பக்கம் நின்றது. நாடு முழுமைக்குமான திவால் சட்டம் "போ, புதிதாக ஆரம்பி" என்று சொல்லும்போது, ஒரு மாநிலம் லைசென்ஸைப் பிடித்துவைத்துக்கொண்டு அந்தக் கடனை வசூலிக்க முடியாது. 1941 நியூயார்க் தீர்ப்பின் காலம் அத்தோடு முடிந்தது.

எட்டே நாளில் இரண்டு கதவுகள். ஒன்று, எடுப்பதற்கு முன் கேள். இன்னொன்று, திருப்பிக் கொடுக்க இந்தக் கடனைக் காரணம் காட்டாதே.

எல்லாவற்றுக்கும் முன்கூட்டி விசாரணை இல்லை

அப்படியானால் குடித்துவிட்டு ஓட்டுபவரிடமும் முதலில் விசாரணை வைத்துவிட்டுத்தான் லைசென்ஸை எடுக்க வேண்டுமா? இல்லை. அதற்கும் வரலாறு உண்டு.

1977-ல் இல்லினாய் மாநிலத்து டிரக் ஓட்டுநர் ஒருவரின் வழக்கு வந்தது. பத்து வருடத்துக்குள் மூன்று முறை சஸ்பெண்ட் ஆனால் லைசென்ஸ் ரத்து என்பது விதி. முன்கூட்டி விசாரணை வைக்காமல் ரத்து செய்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. அவர்மேல் இருந்த குற்றங்கள் ஒவ்வொன்றும் ஏற்கெனவே கோர்ட்டில் தீர்மானிக்கப்பட்டவை. மறுபடி கேட்க என்ன இருக்கிறது? கூட்டி எண்ணினால் போதும். பிழைப்புக்காக ஓட்டுபவர்களுக்கு விதிவிலக்காக லைசென்ஸ் தரும் ஏற்பாடும் அங்கே இருந்தது.

1979-ல் மாசச்சூசெட்ஸ். போலீஸ் கேட்டும் மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தால் 90 நாள் சஸ்பெண்ட். இதுவும் செல்லும் என்று 5-4-ல் தீர்ப்பு. சாலையில் உயிர்கள் போகும் ஆபத்து இருக்கிறது. உடனே பின்னால் விசாரணை கேட்க வழியும் இருக்கிறது. அது போதும் என்றார்கள்.

இந்த இரண்டு தீர்ப்பும் எனக்குச் சரியாகவே படுகிறது. குடித்த கையில் ஸ்டீயரிங் இருக்கக் கூடாது. லைசென்ஸை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு இருப்பதால்தான் நீங்களும் நானும் இரவில் வீடு வந்து சேர்கிறோம். என் மனவருத்தம் அதன்மேல் இல்லை. அந்த அதிகாரம் சாலையை விட்டு இறங்கி வேறு எங்கெங்கோ போனதன்மேல்தான்.

லைசென்ஸ் ஒரு வசூல் கருவி ஆனது

1990-களின் தொடக்கத்தில் போதைப்பொருளுக்கு எதிரான வேகத்தில் ஒரு தேசியச் சட்டம் வந்தது. போதைப்பொருள் குற்றம் செய்தவரின் லைசென்ஸை, அவர் வண்டியிலேயே இல்லாவிட்டாலும், ஆறு மாதம் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். அதைச் செய்யாத, முறைப்படி மறுப்பும் தெரிவிக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கு போய்விடும். 1996-ல் இன்னொரு சட்டம். குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்டாதவர்களின் லைசென்ஸை நிறுத்த எல்லா மாநிலங்களும் வழி செய்ய வேண்டும்.

இவற்றோடு மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டன. டிராஃபிக் அபராதம் கட்டவில்லையா, சஸ்பெண்ட். கோர்ட் கட்டணம் பாக்கியா, சஸ்பெண்ட். சிகாகோவில் பார்க்கிங் டிக்கெட் சேர்ந்துவிட்டதா, சஸ்பெண்ட். 2015-ல் கலிபோர்னியாவில் சட்ட உதவி அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அபராதம் கட்டாததாலும் கோர்ட்டுக்கு வராததாலும் அந்த ஒரே மாநிலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் சஸ்பெண்ட் ஆகியிருந்தன என்று அது சொன்னது.

இது நம்மவர்கள் வீட்டிலும் நடக்கும். என் பெரியப்பா மகனுக்கு நடந்தது. அண்ணா வாடகை வீடு மாறினார். பழைய டிக்கெட் ஒன்றின் பாக்கி, அதற்கான அறிவிப்பு எல்லாம் பழைய விலாசத்துக்கே போயின. பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு நாள் போலீஸ் நிறுத்தியபோதுதான் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருப்பதே அவருக்குத் தெரியும். சஸ்பெண்ட் ஆன லைசென்ஸோடு ஓட்டியது இப்போது தனிக் குற்றம். அவருக்குக் கிடங்கில் இரவு வேலை, பஸ் கிடையாது. நான்கு மாதம் அண்ணிதான் கொண்டுபோய் விட்டு, விடியற்காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டிவந்தார்.

"தம்பி, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார் அண்ணா என்னிடம். அவரை அபராதத்தைவிட அதிகமாக வாட்டியது அதுதான். தப்பு செய்தவன் என்று பெரியப்பா நினைத்துவிடுவாரே என்ற பயம். (பெரியப்பாவுக்கு இப்போது தெரியும். அண்ணாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

இதில் ஒரு சுழல் இருப்பதைக் கவனியுங்கள். காசில்லாததால் அபராதம் கட்டவில்லை. கட்டாததால் லைசென்ஸ் போனது. லைசென்ஸ் போனதால் வேலைக்குப் போக முடியவில்லை. வேலை இல்லாததால் காசில்லை. இதில் எந்தப் படியிலும் சாலைப் பாதுகாப்பு என்ற சொல்லே வரவில்லை.

வர்ஜீனியா: அதே கேள்வி மறுபடி

வர்ஜீனியா மாநிலத்தில் அபராதமும் கோர்ட் செலவும் உரிய காலத்தில் கட்டாவிட்டால் லைசென்ஸ் தானாக சஸ்பெண்ட் ஆகும். கட்ட முடியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அபராதம் கார் ஓட்டியதற்காக விதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

டேமியன் ஸ்டின்னி என்ற இளைஞர் வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்தவர். டிராஃபிக் டிக்கெட்டுகளால் அவருக்கு ஏறக்குறைய 1,000 டாலர் பாக்கி. கட்ட முடியவில்லை, லைசென்ஸ் போனது. நடுவில் நிணநீர்ப் புற்றுநோயும் வந்தது. 2016-ல் அவரும் இன்னும் சிலரும் சட்ட உதவி வழக்கறிஞர்கள் துணையோடு வழக்குப் போட்டார்கள். வாதம் என்ன தெரியுமா? எடுப்பதற்கு முன்னால் எங்களால் கட்ட முடியுமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஜார்ஜியா போதகர் சொன்னதுதான்!

2018 டிசம்பரில் நீதிபதி நார்மன் மூன், வழக்காடியவர்களின் சஸ்பெண்டை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை உத்தரவு கொடுத்தார். முழு விசாரணை வருவதற்குள் மாநிலமே இறங்கிவந்தது. ஆளுநர் ரால்ஃப் நார்தம் கொண்டுவந்த பட்ஜெட் திருத்தத்தால் 2019 ஜூலையிலிருந்து இந்த சஸ்பெண்ட் நிறுத்தப்பட்டது. 2020-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இதனால் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வழி திறக்கும் என்று அப்போது ஆளுநர் அலுவலகம் சொன்னது.

மற்ற இடங்களிலும் காற்று திரும்பியது. கலிபோர்னியா 2017-ல் அபராதப் பாக்கிக்காக சஸ்பெண்ட் செய்வதை நிறுத்தியது. இல்லினாய் 2020-ல் பார்க்கிங் டிக்கெட் பாக்கியை விட்டது. 2020-ன் கடைசி நாளில் நியூயார்க் ஆளுநர் டிராஃபிக் அபராதப் பாக்கி பற்றிய மசோதாவில் கையெழுத்துப் போட்டார். எல்லா மாநிலங்களும் இன்னும் வரவில்லை.

வர்ஜீனியா வழக்குக்கு ஒரு வால் உண்டு. ஜெயித்தவர்களின் வழக்கறிஞர் கட்டணத்தை மாநிலம் கொடுக்க வேண்டுமா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் போனது. 2025 பிப்ரவரியில் 7-2 என்று தீர்ப்பு: வேண்டாம். இடைக்கால உத்தரவு வந்ததும் சட்டம் மாறி வழக்கு செல்லாமல் போய்விட்டதால், அதைச் சட்டப்படி முழு வெற்றியாகக் கணக்கில் கொள்ள முடியாதாம். லைசென்ஸ் திரும்பிவிட்டது, பில் மட்டும் வழக்காடியவர்கள் பக்கமே நின்றுவிட்டது. அடுத்த ஸ்டின்னிக்கு வழக்கறிஞர் கிடைப்பது இதனால் கடினமாகலாம் என்பதுதான் என் கவலை.

உங்கள் கையில் இருக்கும் வரலாறு

இன்று உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இது நடந்தால், மேலே சொன்ன வரலாறு முழுக்க உங்கள் மேஜையில் தாள்களாக வந்து உட்காரும்.

அறிவிப்பில் "விசாரணை கோரலாம்" என்று ஒரு வரி இருந்தால், அது போதகர் பெல்லின் வரி. பெரும்பாலும் அதற்கு நாள் கெடு உண்டு, சில இடங்களில் மிகக் குறைவான நாட்கள். கடிதத்தை மேஜை டிராயருக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எஸ்.ஆர்.-22 என்ற சான்று கேட்டால், அது 1925 கனெக்டிகட்டின் பேரன். இவருக்குக் காப்பீடு இருக்கிறது என்று நிறுவனம் மாநிலத்துக்கு அனுப்பும் உறுதி அது. நடுவில் காப்பீடு நின்றால் அதையும் மாநிலத்துக்குச் சொல்லிவிடுவார்கள். லைசென்ஸ் மறுபடி போகும்.

வேலைக்கும் மருத்துவருக்கும் போய்வர மட்டும் அனுமதிக்கும் கட்டுப்பாட்டு லைசென்ஸ் பல மாநிலங்களில் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கானால், ஊதிக் காட்டினால்தான் கிளம்பும் கருவியை வண்டியில் பொருத்தச் சொல்லலாம். வகுப்புக்கும் போகச் சொல்லலாம்.

வேறு மாநிலம் போய்ப் புதிதாக எடுத்துவிடலாம் என்று ஒரு மாமா சொல்வார். முடியாது. சஸ்பெண்ட் ஆனவர்கள், ரத்து ஆனவர்கள் பற்றிய தேசியப் பதிவேடு 1960-ல் சட்டமாகி இன்றுவரை இருக்கிறது. புது மாநிலம் அதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். "இந்தியா லைசென்ஸ் இருக்கே, அதை வச்சு ஓட்டலாம்" என்று இன்னொரு மாமா சொல்வார். அதுவும் முடியாது. மாநிலம் நிறுத்திவைப்பது அந்த அட்டையை மட்டும் அல்ல, அந்த மாநிலத்தில் நீங்கள் ஓட்டும் அனுமதியையே. இன்னொரு நாட்டு அட்டை அதைத் திருப்பித் தராது.

விசாவில் படிக்க வந்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை வருவதற்கு முன்பே, விசாவை ரத்து செய்ய 2015 முதல் வெளியுறவுத் துறை வழிகாட்டுதல் இருக்கிறது. உங்களுக்கு லைசென்ஸ் மட்டுமல்ல, குடியேற்ற வழக்கறிஞரும் தேவைப்படுவார்.

கடைசியாக, நான் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன். மோசமாக ஓட்டியதற்காக ஒருவரின் லைசென்ஸ் போனால், அவர் திருந்தியதைக் காட்டி அதைத் திரும்பப் பெற ஒரு பாதை இருக்க வேண்டும். அந்தப் பாதை நீளமாக இருக்கலாம், கடினமாகவும் இருக்கலாம். ஆனால் பாதையின் வாசலில் பணப்பெட்டியை வைத்து அடைத்துவிட்டால், பணமுள்ளவர் அன்றே உள்ளே போய்விடுவார், இல்லாதவர் வருடக்கணக்கில் வெளியே நிற்பார். இருவரும் ஓட்டிய விதம் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி வெளியே நின்றுகொண்டிருந்தால், முதலில் அவரிடம் பெல் கேட்ட அந்த மரியாதையைக் கொடுங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தக் கடிதத்தை அவரோடு சேர்ந்து பிரித்துப் படியுங்கள். கெடு தேதி இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கவும் கூடும்.

நீங்கள் வாழும் நாட்டில் இந்தச் சட்டம் எப்படி இருக்கிறது? அடுத்த முறை உங்கள் அப்பா அம்மாவோடு காரில் போகும்போது இதைப் பேச்சில் எடுத்துப் பாருங்கள். இல்லாத பிரேக்கை அப்பா மிதிக்காமல் இருந்தால் சரி.